பிரிட்டிஷா, அமெரிக்கனா? அதற்கு முன்னால் உண்மையில் எது பிழை என்று பார்ப்போம்

கேள்வி இதுதான்: ‘நான் எழுதும் ஆங்கிலத்தைப் பார்த்து ஒருவர் பிரிட்டிஷ் முறைதான் சரி என்கிறார். இன்னொருவர் அதையே அமெரிக்க முறைக்கு மாற்றச் சொல்கிறார். எதைப் பின்பற்றுவது? ஆங்கிலம் கற்பவர்கள் அதிகம் செய்யும் பிழைகள் எவை?’

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்விதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது, ஆனால் ஒருவருடைய ஆங்கிலத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். ‘கலர்’ என்று எழுதும்போது ‘யு’ போடுவதா வேண்டாமா என்று கவலைப்படுகிறவர், அதே பத்தியில் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதியிருப்பார். முதலாவது இரு நாட்டிலும் யாருக்கும் புரியும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டாவது லண்டனிலும் தவறு, நியூயார்க்கிலும் தவறு. அதனால் நாட்டுக்கு நாடு மாறும் வழக்கு எது, எங்கு போனாலும் பிழையாக இருப்பது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் முதல் வேலை.

எழுத்துக்கூட்டலை முதலில் முடித்துவிடலாம், அதில் சிக்கல் குறைவு. சாமுவேல் ஜான்சன் 1755-இல் லண்டனில் வெளியிட்ட அகராதி பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைப் பெரும்பாலும் நிலைப்படுத்தியது. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1806-இல் ஒரு சிறிய அகராதியும் 1828-இல் பெரிய அகராதியும் கொண்டுவந்தார். புதிதாகப் பிறந்த நாட்டுக்குத் தனி எழுத்துமுறை வேண்டும், அது எளிமையாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ‘கலர்’ சொல்லில் ‘யு’ போனது, ‘சென்டர்’ சொல்லின் கடைசி ‘ஆர்-இ’ திரும்பி ‘இ-ஆர்’ ஆனது, ‘டிஃபென்ஸ்’ சொல்லில் ‘சி’ போய் ‘எஸ்’ வந்தது, எல்லாம் அவர் வழியாக நிலைத்தவை. நாக்கைக் குறிக்கும் ‘டங்’ என்ற சொல்லை நான்கே எழுத்தில் எழுதலாம் என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். அதை மக்கள் ஏற்கவில்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். ‘ரியலைஸ்’, ‘ஆர்கனைஸ்’ போன்ற சொற்களை ‘இஸட்’ போட்டு எழுதினால் அது அமெரிக்க முறை என்று பலர் அடித்துச் சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இவற்றை ‘இஸட்’ போட்டுத்தான் எழுதுகிறது, அதுவும் நெடுங்காலமாக. பிரிட்டிஷ் செய்தித்தாள்களில் ‘எஸ்’ பரவலாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ‘அனலைஸ்’ பிரிட்டனில் எப்போதும் ‘எஸ்’தான். ‘அட்வர்டைஸ்’, ‘சர்ப்ரைஸ்’, ‘எக்ஸர்சைஸ்’, ‘சூப்பர்வைஸ்’ ஆகியவை இரு நாட்டிலும் ‘எஸ்’தான். அமெரிக்க முறை என்று நினைத்து எல்லாவற்றிலும் ‘இஸட்’ போட்டுவிட்டால் அதுதான் உண்மையான பிழை.

‘பிராக்டிஸ்’, ‘லைசென்ஸ்’ இரண்டும் குழப்புகிற சொற்கள். பிரிட்டனில் பெயர்ச்சொல்லாக வந்தால் ‘சி’, வினைச்சொல்லாக வந்தால் ‘எஸ்’. ‘அட்வைஸ்’ சொல்லை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், அதில் அறிவுரை என்ற பெயருக்கு ‘சி’, அறிவுரை சொல்வதற்கு ‘எஸ்’, உச்சரிப்பிலேயே வித்தியாசம் தெரியும். அமெரிக்காவில் ‘பிராக்டிஸ்’ எப்போதும் ‘சி’, ‘லைசென்ஸ்’ எப்போதும் ‘எஸ்’. ‘டிராவலிங்’ சொல்லில் பிரிட்டன் இரண்டு ‘எல்’ போடும், அமெரிக்கா ஒன்றோடு நிறுத்தும். ‘ஃபுல்ஃபில்’ என்பதில் இது தலைகீழ்: கடைசியில் பிரிட்டனுக்கு ஒரு ‘எல்’, அமெரிக்காவுக்கு இரண்டு. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கணினியில் எழுதும்போது மொழி அமைப்பில் எந்த ஆங்கிலம் என்று ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் அதுவே கோடு போட்டுக் காட்டும்.

எழுத்தைவிடக் கவனிக்க வேண்டியது, இரு நாட்டிலும் ஒரே சொல் வேறு பொருளில் வருவதை. ‘லிஃப்ட்’, ‘எலிவேட்டர்’ மாதிரி சொல்லே வேறாக இருந்தால் ஆபத்தில்லை. புரியாவிட்டால் கேட்டுக்கொள்வோம். ஒரே சொல்லாக இருந்தால் புரிந்துவிட்டது என்று நினைத்து மேலே போய்விடுவோம். கூட்டத்தில் ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் பிரிட்டனில் அதை விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் அதைத் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் சூடாக வாதாடி, கடைசியில்தான் இரு தரப்பும் ஒன்றையே கேட்கிறோம் என்று உணர்ந்ததாக வின்ஸ்டன் சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கே இந்த நிலை.

‘குவைட்’ இன்னொன்று. உங்கள் வேலையைப் பார்த்து ஒரு அமெரிக்கர் ‘குவைட் குட்’ என்றால் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். பிரிட்டிஷ்காரர் அதையே சொன்னால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்ற அளவுதான். பிரிட்டனில் தரைமட்டத் தளம் ‘கிரவுண்ட் ஃப்ளோர்’, அதற்கு மேலே உள்ளதுதான் ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’. அமெரிக்காவில் தரைமட்டத் தளத்தையே ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’ என்பது வழக்கம். ‘பப்ளிக் ஸ்கூல்’ அமெரிக்காவில் அரசுப் பள்ளி, இங்கிலாந்தில் பழைமையான தனியார் கட்டணப் பள்ளி. ‘பில்லியன்’ என்றால் பிரிட்டனில் முன்பு லட்சம் கோடி. அந்நாட்டு அரசு 1974-இல் அமெரிக்கக் கணக்குக்கு மாறிய பிறகு இரு நாட்டிலும் நூறு கோடிதான். பழைய பிரிட்டிஷ் புத்தகத்தைப் படிக்கும்போது மட்டும் கவனமாக இருங்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தேதி. 03/04 என்று எழுதினால் பிரிட்டனில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. வெளிநாட்டுக்குப் போகும் விண்ணப்பம், ஒப்பந்தம், மின்னஞ்சல் எதுவானாலும் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிடுங்கள். இது ஒன்றைப் பழக்கமாக்கிக்கொண்டாலே பல வம்புகள் தீரும்.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். பிரிட்டிஷ், அமெரிக்க வேறுபாடும் தமிழர்கள் வழக்கமாகச் செய்யும் பிழையும் சந்திக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அது ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ காலம்.

இப்போதுதான் சாப்பிட்டேன் என்பதை ஒரு பிரிட்டிஷ்காரர் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்பார். அமெரிக்கர் அப்படியும் சொல்வார், ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்றும் சாதாரணமாகச் சொல்வார். ‘ஆல்ரெடி’, ‘யெட்’ வரும் இடங்களிலும் இப்படித்தான். இரண்டும் சரி. ஆனால் ‘நேற்று’, ‘போன வாரம்’, ‘2019-இல்’ என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் இரு நாட்டிலும் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வரக்கூடாது. ‘ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே’ எங்குமே சரியில்லை, ‘ஹி கேம் யெஸ்டர்டே’ என்றுதான் சொல்ல வேண்டும்.

நமக்கு இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? தமிழில் ‘நேற்று அவர் வந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை’ என்பது மிகச் சரியான வாக்கியம். நம்முடைய ‘வந்திருக்கிறார்’ முடிந்த நேரத்தோடு தாராளமாகச் சேரும், நாம் நேரில் பார்க்காமல் பிறகு தெரிந்துகொண்டோம் என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுக்கும். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ‘ஹேஸ் கம்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘ஹேஸ் கம்’முக்கு அந்த வேலை கிடையாது. வந்தவர் இப்போது இங்கே இருக்கிறார், அல்லது வந்ததன் விளைவு இப்போதும் தொடர்கிறது என்பதைத்தான் அது சொல்லும்.

இதைவிட ஆழமாக ஒட்டிக்கொண்டது ‘ஹேட்’. ‘போன மாதம் உங்கள் ஊருக்கு வந்திருந்தேன்’ என்று இயல்பாகச் சொல்கிறோம். உடனே ‘ஐ ஹேட் கம்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஹேட் கம்’ தனியாக நிற்காது. கடந்த காலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்து, அவற்றில் முந்தியது எது என்று காட்டத்தான் அது வரும். நான் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பிவிட்டது என்றால், கிளம்பியதற்கு ‘ஹேட் லெஃப்ட்’, சேர்ந்ததற்கு சாதாரண இறந்தகாலம். பின்னால் ஒரு நிகழ்ச்சி இல்லாமல் ‘ஹேட்’ மட்டும் வந்தால், படிக்கிற ஆங்கிலேயர் ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்று காத்திருப்பார். அலுவலக மின்னஞ்சல்களில் ‘ஐ ஹேட் சென்ட் தி ஃபைல் யெஸ்டர்டே’ என்று நாம் எழுதுவதில் பெரும்பாலும் ‘ஹேட்’டை எடுத்துவிடலாம். எழுதியதை ஒருமுறை திரும்பப் படித்து, ஒவ்வொரு ‘ஹேட்’டிடமும் ‘நீ எதற்கு முந்தியது?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் நீக்கிவிடுங்கள்.

நிகழ்காலத்திலும் இதே கதை. ‘படிக்கிறேன்’ என்ற ஒரே சொல் தினமும் படிப்பதையும் சொல்லும், இந்த நிமிடம் படிப்பதையும் சொல்லும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பயந்துபோய் எல்லாவற்றுக்கும் ‘ஐஎன்ஜி’ போட்டுவிடுகிறோம். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’ என்பவை இப்படிப் பிறந்தவைதான். தெரிவது, நம்புவது, சொந்தமாக வைத்திருப்பது, விரும்புவது போன்ற நிலைகளுக்கு ‘ஐஎன்ஜி’ வராது. ‘ஹேவ்’ என்பது சாப்பிடுவதைப் போன்ற ஒன்றைக் குறித்தால் ‘ஹேவிங் லஞ்ச்’ சரி, ஏனென்றால் அது ஒரு செயல்.

அடுத்து, எந்த இலக்கணப் புத்தகமும் பெரிதாகச் சொல்லாத ஒன்று: நம்முடைய ‘தான்’. ‘நான்தான் அவனிடம் சொன்னேன்’ என்பதை ‘ஐ ஒன்லி டோல்ட் ஹிம்’ என்கிறோம். கேட்கிற பிரிட்டிஷ்காரருக்கோ அமெரிக்கருக்கோ அது ‘நான் சும்மா சொல்ல மட்டும்தான் செய்தேன், வேறெதுவும் செய்யவில்லை’ என்று கேட்கும். சொன்னவர் பொறுப்பேற்கிறார், கேட்டவருக்கு அவர் நழுவுவது போலத் தெரிகிறது. ‘தான்’ கொடுக்கும் அழுத்தத்தை ஆங்கிலம் குரலால் கொடுக்கும், ‘ஐ’ என்பதை அழுத்திச் சொன்னால் போதும். எழுத்தில் ‘ஐ வாஸ் தி ஒன் ஹூ டோல்ட் ஹிம்’ என்று எழுதலாம். ‘டுடே ஒன்லி’, ‘ஹியர் ஒன்லி’ என்று வாக்கியக் கடைசியில் ஒட்டும் ‘ஒன்லி’களையும் இதே கண்ணோடு பாருங்கள். பெரும்பாலும் அவை ‘தான்’ என்பதன் மறுபிறவிகள்.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வதும் அப்படியே. ‘நீங்கள் சாப்பிடவில்லையா?’ என்று கேட்டால், சாப்பிடாதவர் தமிழில் ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்பார். கேட்டவர் சொன்னது உண்மை என்று ஒத்துக்கொள்கிறார். ஆங்கிலத்தில் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டும் கேட்டவரைப் பார்த்து வருவதில்லை, நடந்ததைப் பார்த்து வருகின்றன. சாப்பிடவில்லை என்றால் ‘நோ, ஐ டிடின்ட்’. வெறும் ‘யெஸ்’ என்று சொல்லி நிறுத்திவிட்டால் சாப்பிட்டாயிற்று என்று எடுத்துக்கொள்வார்கள். தொலைபேசியில் பணம் வந்ததா, கோப்பு கிடைத்ததா என்று பேசும்போது இது உண்மையான குழப்பத்தைக் கொடுக்கும். ‘யெஸ்’ஸோடு நிறுத்தாமல் முழு வாக்கியமாகச் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

‘என்று’ கொண்டுவரும் பிழை ஒன்றும் உண்டு. ‘அவன் நாளைக்கு வருகிறேன் என்று சொன்னான்’ என்பதில், வரப்போவது அவன்தான் என்பது நமக்குத் தெரியும். அப்படியே ‘ஹி டோல்ட் தட் ஐ வில் கம் டுமாரோ’ என்று சொன்னால், வரப்போவது பேசுகிற நீங்கள் ஆகிவிடுவீர்கள். ‘ஹி’ என்று மாற்ற வேண்டும், ‘வில்’ பொதுவாக ‘வுட்’ ஆகும், ‘டோல்ட்’ வந்தால் யாரிடம் சொன்னான் என்பதும் ஒட்டியே வர வேண்டும். ‘செட்’ என்றால் அது தேவையில்லை. ‘செட் மீ’, ‘டோல்ட் டு மீ தட்’ இரண்டும் எங்கும் சரியில்லை. கேள்வியை உள்ளே வைத்துச் சொல்லும்போதும் ‘என்று’ குறுக்கே வருகிறது. ‘அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியுமா?’ என்பதில் உள்ளே இருக்கும் கேள்வியை நாம் மாற்றுவதில்லை. ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும்: ‘வேர் இஸ் ஹி’ என்பது உள்ளே போனதும் ‘வேர் ஹி இஸ்’ ஆகிவிடும்.

‘எ’, ‘அன்’, ‘தி’ மூன்றைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதலாம். இங்கே சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன். ‘அன்’ போடுவது எழுத்தைப் பார்த்து இல்லை, ஒலியைக் கேட்டு. ‘யுனிவர்சிட்டி’ ‘யு’வில் தொடங்கினாலும் வாயில் ‘ய’ ஒலிதான் வருகிறது, அதனால் ‘எ’. ‘அவர்’ என்ற மணிநேரச் சொல் ‘ஹெச்’சில் தொடங்கினாலும் ஒலி ‘அ’, அதனால் ‘அன்’. ‘எம்பிஏ’ என்பதற்கும் ‘அன்’தான். அடுத்தது தொழில்: தமிழில் ‘அவர் டாக்டர்’ என்றாலே முழுமை. ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் எ டாக்டர்’ என்று ‘எ’ வந்தே ஆக வேண்டும். ‘தி’யைப் பொறுத்தவரை, எதைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரியுமா என்பதுதான் சோதனை. வாழ்க்கை கடினம் என்று பொதுவாகச் சொல்லும்போது ‘தி லைஃப்’ வராது. குறிப்பாக ஒருவருடைய வாழ்க்கையைச் சொன்னால் வரும். நாடுகள் வேறுபடும் இடமும் ஒன்று உண்டு: நோயாளியாக மருத்துவமனையில் இருப்பதற்கு பிரிட்டனில் ‘இன் ஹாஸ்பிடல்’, அமெரிக்காவில் ‘இன் தி ஹாஸ்பிடல்’.

எண்ண முடியாத பெயர்களில் ‘எஸ்’ சேர்ப்பது மிகப் பரவலான பிழை. ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’, ‘எக்விப்மென்ட்’, ‘லக்கேஜ்’, ‘ஃபீட்பேக்’, ‘அட்வைஸ்’ எதற்கும் பன்மை இல்லை. ஒன்றுக்கு மேல் இருந்தால் ‘டூ பீசஸ் ஆஃப்’ என்று தொடங்க வேண்டும். இதற்கு நேர்மாறாக ‘எஸ்’ வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறோம். ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்’ என்பது ‘ஃபிரெண்ட்ஸ்’ ஆக வேண்டும், பலரில் ஒருவர்தானே.

தேவையில்லாத ஒட்டுச்சொற்களை வெட்டுவது எளிது. ‘டிஸ்கஸ்’ என்பதற்கு ‘அபவுட்’ வேண்டாம், ‘ரிட்டர்ன்’ என்பதற்கு ‘பேக்’ வேண்டாம், ‘என்டர்’ அறைக்குள் நுழைவதைக் குறித்தால் ‘இன்டு’ வேண்டாம், ‘மேரீட்’ என்றால் ‘வித்’ இல்லை, ‘டு’. ‘எக்ஸ்பிளெய்ன் மீ’, ‘சஜஸ்ட் மீ’ இரண்டும் தவறு, ‘எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ’ என்று வர வேண்டும். ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதன் பின்னால் ‘மீட்’ வராது, ‘மீட்டிங்’ வரும். வாக்கியத்தை ‘ஆல்தோ’ என்று தொடங்கினால் நடுவில் ‘பட்’ போடக்கூடாது.

ஆனால் எல்லா ஒட்டுச்சொல்லையும் பிழை என்று பாய்ந்துவிடாதீர்கள். வார இறுதிக்கு பிரிட்டனில் ‘அட் தி வீக்கெண்ட்’, அமெரிக்காவில் ‘ஆன் தி வீக்கெண்ட்’. ‘டிஃபரென்ட் ஃப்ரம்’ எல்லா இடத்திலும் செல்லும், பிரிட்டனில் ‘டு’வும் அமெரிக்காவில் ‘தேன்’னும் கேட்கலாம். எனக்கு எழுது என்பதை அமெரிக்கர் ‘ரைட் மீ’ என்பார், பிரிட்டிஷ்காரர் ‘ரைட் டு மீ’ என்பார். ஒரு அணியை பிரிட்டனில் பன்மையாகவும் சொல்வார்கள், ‘தி டீம் ஆர்’ என்று. அமெரிக்கக் காதுக்கு அது தவறாகக் கேட்கும். அமெரிக்காவில் ‘காட்டன்’ என்று ‘கெட்’டின் மூன்றாம் வடிவம் வந்தால் அதைக் கொச்சை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் முன்பு வழங்கிய பழைய வடிவம் அது. அங்கே தேய்ந்துபோனது, கடல் தாண்டிய இடத்தில் தங்கிவிட்டது. ‘ஃபர்காட்டன்’ என்ற சொல்லில் இங்கிலாந்தும் அதை இன்னும் வைத்திருக்கிறது. காற்பந்துக்கு அமெரிக்கர் சொல்லும் ‘சாக்கர்’ கூட இங்கிலாந்து மாணவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ‘அசோசியேஷன்’ என்ற சொல்லைச் சுருக்கி உருவாக்கியதுதான். எது அசல், எது கலப்படம் என்ற வாதத்தில் இறங்குகிறவர்கள் இவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உச்சரிப்பில் ‘அக்சென்ட்’ பற்றிய கவலையை நான் முதலில் ஒதுக்கிவிடச் சொல்வேன். நாம் ‘கார்’, ‘ஹார்ட்’ என்று ‘ர்’ ஒலியை முழுதாகச் சொல்கிறோம். தெற்கு இங்கிலாந்தில் அது விழுங்கப்படுகிறது என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்கரில் பெரும்பாலோரும் ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்களும் அதைச் சொல்கிறார்கள். நம்மை உண்மையில் புரியாமல் செய்வது அசை அழுத்தம். தமிழில் அசைகளை ஏறத்தாழ ஒரே பலத்தோடு சொல்வோம். ஆங்கிலத்தில் ஒரு அசை ஓங்கி ஒலிக்கும், மற்றவை மங்கிவிடும். ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையில் அழுத்தம் பெறும், ‘ஃபோட்டோகிராஃபர்’ ஆனதும் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகரும், ‘ஃபோட்டோகிராஃபிக்’ ஆனால் மூன்றாவதுக்குப் போகும். ‘ரெக்கார்ட்’ பெயராக வந்தால் முன்னசை, வினையாக வந்தால் பின்னசை. ‘டெவலப்’ சொல்லில் இரண்டாவது அசை ஓங்க வேண்டும், நாம் பெரும்பாலும் முதலாவதை ஓங்குகிறோம். புதிய சொல்லை அகராதியில் பார்க்கும்போது பொருளோடு அந்த அழுத்தக் குறியையும் பார்த்துவிடுங்கள். இங்கேயும் நாட்டு வேறுபாடு உண்டு: ‘லேபரட்டரி’யில் பிரிட்டன் இரண்டாம் அசையை ஓங்கும், அமெரிக்கா முதலாவதை. ‘ஷெட்யூல்’ என்பதும் ‘ஸ்கெஜூல்’ என்பதும் ஒரே சொல்தான்.

கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லில் உள்ள ‘பி’யை உச்சரிப்பவர்களைக் கேலி செய்யாதீர்கள். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் ‘பி’யே இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்டப் பண்டிதர்கள் பிறகு செருகியது அது. எழுத்தை நம்பியவர் செய்த தவறு அதில் ஒன்றும் இல்லை. உச்சரிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

பிழையே இல்லாததைப் பிழை என்று சொல்லும் விதிகளையும் மறந்துவிடலாம். வாக்கியம் ‘டு’, ‘வித்’, ‘ஃபார்’ போன்ற சொற்களில் முடியக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. 17-ஆம் நூற்றாண்டில் கவிஞர் ஜான் டிரைடன் அதைக் குறை சொன்னார், பிறகு வந்த இலக்கண ஆசிரியர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர்கள் அன்றும் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். ‘அண்ட்’, ‘பட்’ என்று வாக்கியம் தொடங்கக்கூடாது என்பதும், ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை ‘தே’ என்று சொல்லக்கூடாது என்பதும் இதே வகை. தெற்காசியாவில் பிறந்த வழக்குகளையும் நான் பிழைப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். ஒன்றை முந்தைய தேதிக்கோ நேரத்துக்கோ மாற்றுவதைக் குறிக்கும் ‘பிரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இடம்பெற்ற சொல். அழகான சொல், தேவையான சொல்லும்கூட. ஆனால் அது பழக்கமில்லாத நாட்டவருக்கு எழுதும்போது ‘மூவ் ஃபார்வர்ட்’ மாதிரி குழப்பக்கூடிய தொடரை நம்பாமல், புதிய தேதியையும் நேரத்தையும் நேரடியாக எழுதிவிடுங்கள்.

கடைசியாக, எதைத் தேர்ந்தெடுப்பது? யாருக்காக எழுதுகிறீர்களோ அவர்களுடைய வழக்கை. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் என்றால் அமெரிக்க முறை, பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு என்றால் பிரிட்டிஷ் முறை. ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் இரண்டு எழுத்துக்கூட்டலும் செல்லும். குறிப்பிட்ட வாசகர் யாரும் இல்லையென்றால், பள்ளியில் பழகியது எதுவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக மாற்றிக்கொள்ள உழைப்பதில் பயன் குறைவு. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. பேச்சில் கலந்துவிட்டால் கவலையே வேண்டாம், படமும் பாட்டும் இணையமும் வந்த பிறகு பிரிட்டிஷ் இளைஞர்களே கலந்துதான் பேசுகிறார்கள். மிச்சப்படும் நேரத்தில் நீங்கள் சமீபத்தில் எழுதிய மின்னஞ்சல்கள் சிலவற்றை எடுத்து, அவற்றில் வரும் ‘ஹேட்’, ‘ஒன்லி’, ‘ஐஎன்ஜி’, ‘தி’ நான்கையும் மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். உங்களுடைய பிழைகளில் பெரும்பாலானவை அந்தக் கோடுகளுக்கு மேலேதான் இருக்கும்.